எடுத்துக்காட்டுடன் விளக்குக

அந்த 'ழ'வை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று முதல் பக்கத்திலேயே ஆவுடையம்மாளுக்குத் தோன்றிவிட்டது. வால் இடப்பக்கமாகச் சுருண்டு இறங்கி, கீழ்வரி எழுத்தின் தலையில் போய் இடிக்கிற ழ. தன் வகுப்பில் யாராவது இப்படி எழுதுகிறார்களோ? இல்லை, தன் பிள்ளைகளின் கையெழுத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் காட்டினாலும் இன்னாருடையது என்று சொல்லிவிடுவாள், இருபத்திரண்டு வருஷமாகச் சரித்திரம் நடத்துகிறவளுக்கு அதுகூடவா தெரியாது. அதோடு இந்தக் கட்டு வேறு மாவட்டத்துக் கட்டு. மதுரை டீச்சர்கள் மதுரைத் தாளைத் திருத்தினால் வேண்டியவர்களுக்கு மார்க்கை அள்ளிப் போட்டுவிடுவார்கள் என்று அரசாங்கத்துக்கு ஒரு பயம். அதனால் நம் பிள்ளைகள் தாள் எங்கோ போகும், எவர் பெற்ற பிள்ளையின் தாளோ இங்கே வரும், முதல் தாளின் மேல்பாதி கிழிக்கப்பட்டு, பெயரில்லாமல், ஊரில்லாமல், ஒரு பொய் நம்பரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு. சித்திரை வெயில் பிரார்த்தனை மண்டபத்துக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே சுழன்ற விசிறி காற்றைத் தராமல் தாள்களை மட்டும் படபடக்கவைத்தது. எட்டுப் பேருக்கு ஒரு மேஜை, எட்டுப் பேர் கையிலும் சிவப்பு மை. மேஜைக் கோடியில் தலைமைத் தேர்வாளர் தனுஷ்கோடி சார் பச்சை மைப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார், இவர்கள் திருத்தியதைத் திருத்த. மத்தியானச் சாப்பாட்டுக்குள் பன்னிரண்டு தாள் முடித்தாக வேண்டும். இது ஏழாவது. கேள்வி நாற்பத்தொன்று: அடிமைமுறை பற்றிய பிணக்கு அமெரிக்காவை உள்நாட்டுப் போருக்கு எவ்வாறு இட்டுச் சென்றது? எடுத்துக்காட்டுடன் விளக்குக. பத்து மதிப்பெண், பத்து பாயிண்ட், விடைக்குறிப்பில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பிள்ளை நன்றாகத்தான் எழுதியிருந்தது. பையனா பெண்ணா தெரியவில்லை, எழுத்தில் ஆண் பெண் ஏது. தென் மாநிலங்கள் பருத்தியை நம்பியிருந்தன, பருத்தி அடிமைகளை நம்பியிருந்தது, சரி, ஒன்று. வட மாநிலங்களில் ஆலைகள் பெருகின, அங்கே அடிமை வேண்டியிருக்கவில்லை, இரண்டு. புதிதாகச் சேரும் மாநிலங்களில் அடிமைமுறை இருக்கலாமா கூடாதா என்று சண்டை, மூன்று. 1820இல் வரைபடத்தில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு வடக்கே கூடாது, தெற்கே இருக்கலாம் என்று சமரசம் செய்துகொண்டார்கள். நான்கு, வருஷம்கூடச் சரி. தப்பி ஓடிய அடிமையைப் பிடித்துக் கொடுக்காதவன் குற்றவாளி என்று 1850இல் சட்டம் வந்தது, அதனால் வடக்கில் இருந்தவர்களுக்கும் ஆத்திரம் வந்தது, ஐந்து. ஐந்து சிவப்பு டிக். இதே வேகத்தில் போனால் ஒன்பது போட்டுவிடலாம், பத்து யாருக்கும் போடக் கூடாது, அது எழுதாத சட்டம். பக்கத்தைத் திருப்பினாள். 'இதை எங்கள் ஊர் எடுத்துக்காட்டுடன் விளக்குகிறேன்' என்று இருந்தது. அட அசடே, என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. எடுத்துக்காட்டு என்றால் புத்தகத்தில் இருக்கிற எடுத்துக்காட்டு, கண்ணு. அதைத்தானே கேட்கிறார்கள். எந்த டீச்சர் சொல்லிக்கொடுத்தாளோ. அவளும் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறாள், வருஷா வருஷம், சாக்பீஸைத் தட்டித் தட்டி: பக்கத்தில் கண்ணால் பார்த்த விஷயத்தோடு சேர்த்து எழுதினால் திருத்துகிறவருக்கு மனசு குளிரும் என்று. இதோ மனசு குளிர்கிறது. அடுத்த வரியில் ஊர்ப்பெயர் இருந்தது. பூவணிக்குளம்.

அவள் உடனே நிமிர்ந்து பார்த்தாள், யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று. பூவணிக்குளம் அவள் பிறந்த ஊர். மேலத்தெரு, கோயிலுக்கு நேர் எதிரே இருக்கிற காரைவீடு. பக்கத்து நாற்காலி ஜெபக்கனி டீச்சர் உதட்டை அசைத்து மார்க் கூட்டிக்கொண்டிருந்தாள். தனுஷ்கோடி சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊர்ப்பெயர் எழுதக் கூடாது, பெயர் எழுதக் கூடாது, தேர்வாளருக்கு வேண்டுகோள் எழுதக் கூடாது, பிள்ளையார் சுழிகூடப் போடக் கூடாது. விடைத்தாளின் பின்னட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. இன்னார் என்று காட்டிக்கொடுக்கும்படி ஒரு வார்த்தை இருந்தாலும் தாளைத் தலைமைத் தேர்வாளரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் ஒரு படிவம் நிரப்பி மேலே அனுப்புவார், அந்தப் பிள்ளையின் முடிவை நிறுத்திவைப்பார்கள், விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், ஒரு வருஷம் போச்சு, சில சமயம் இரண்டு. அசடே, அசடே. இப்போது சிரிப்பு வரவில்லை. பூவணிக்குளத்தில் எந்தப் பிள்ளை பிளஸ் டூ எழுதியது? எழுதினால் எழுதட்டும், கிழக்கே காலனியிலும் நாலைந்து பிள்ளைகள் பஸ்ஸேறிப் படிக்கப் போவதாக அப்பா சொல்லியிருக்கிறார், அவருக்கு அதில் அப்படியொன்றும் சந்தோஷமில்லை. மேலே படிக்காமல் இந்தத் தாளை இப்படியே தூக்கிக் கொடுத்துவிடலாம். 'சார், ஊர்ப்பெயர் இருக்கு' என்று மூன்றே வார்த்தை. அவள் படித்தாள். 'எங்கள் ஊரில் மேலத்தெருவில் யார் இறந்தாலும் காலனியைச் சேர்ந்தவர்கள்தான் வெளியூர்களில் இருக்கும் உறவினர் வீடுகளுக்கு நேரில் சென்று கேதம், அதாவது இறப்புச் செய்தி, சொல்ல வேண்டும். சுடுகாட்டில் குழி வெட்ட வேண்டும். கொட்டு அடிக்க வேண்டும். இதற்குச் சங்கிலி கிடையாது. ஆனால் முடியாது என்று சொல்ல முடியாது. சென்ற மாசி மாதம் மேலத்தெருப் பெரியவர் இறந்தபோது, மதுரையில் டீச்சராக இருக்கும் அவருடைய மகளுக்குக் கேதம் சொல்லப் போகுமாறு என் அப்பா சொரிமுத்துவிடம் சொன்னார்கள்.'

மதுரையில் டீச்சராக இருக்கும் அவருடைய மகள் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பாட்டில் தண்ணீர் வெந்நீராக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா போனார், புதன்கிழமை உச்சியில் எரித்துவிட்டார்கள், புதன் சாயங்காலம்தான் பக்கத்து வீட்டுப் போனுக்கு அண்ணன் குற்றாலம் ரைஸ் மில்லிலிருந்து கூப்பிட்டான். 'ஆவுடை, அப்பா போய்ட்டாருட்டி. எல்லாம் முடிஞ்சிட்டு.' எல்லாம் முடிஞ்சிட்டு என்றால் என்ன அர்த்தம்? எதற்கு முடிந்தது, யாரைக் கேட்டு முடிந்தது? ராத்திரி பஸ்ஸில் வழியெல்லாம் அப்பாவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை, மீசை வந்தது, இடது காதோரத்து மரு வந்தது, முகம் வரவில்லை. கோவில்பட்டியில் பஸ் நின்றபோது யாரோ வெள்ளரிக்காய் விற்றார்கள், அந்த ஆளின் முகம் இன்றைக்கும் அச்சாக நினைவிருக்கிறது, அப்பாவின் கடைசி முகம் இல்லை. வியாழக்கிழமை விடிந்து வீட்டு முற்றத்தில் கால் வைத்ததும் அவளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் அழுகிறவள் இல்லை, அம்மா செத்தபோதுகூடச் சத்தம் காட்டாமல் அழுதவள். அன்றைக்கு மார்பில் அடித்துக்கொண்டு முற்றத்தில் விழுந்து, 'எங்கப்பா மொகத்தப் பாக்க விடாமப் பண்ணுனது யாரு, சொல்லுங்க, யாரு' என்று கேட்டாள். தெருவே கூடியிருந்தது. அண்ணன் கையை மட்டும் நீட்டிக் கிழக்கே காட்டினான். 'ஆள் அனுப்புனேன், போவ மாட்டேன்னுட்டான்' என்றான் பிறகு, மெதுவாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அப்போது அவளுக்கு அது பதிலாக இருந்தது. இருந்த துக்கத்துக்கு ஒரு ஆள் கிடைத்ததில் மனசு கொஞ்சம் ஆறிக்கூடப் போனது, அதை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

'என்ன டீச்சர், ஒரே தாளை வச்சுப் படம் பாக்கிறீங்க?' என்றாள் ஜெபக்கனி. 'கையெழுத்துப் புரியலியா?'

'புரியுது' என்றாள் ஆவுடையம்மாள். 'நல்லாத்தான் எழுதியிருக்கு.'

'நல்லா எழுதுனா நாலு டிக்கப் போட்டுட்டுப் போங்க. எனக்கு ஒண்ணு லிங்கனையும் காந்தியையும் சேத்து வட்டமேஜை மாநாட்டுக்கு அனுப்பியிருக்கு' என்று ஜெபக்கனி சிரித்தாள். ஆவுடையம்மாளும் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் கண் தானாக அந்த வரிக்குத் திரும்பிப் போனது, பல் விழுந்த இடத்துக்கு நாக்குப் போகிற மாதிரி. 'ரைஸ் மில்லில் போன் இருக்கிறது, போன் போட்டுச் சொல்லுங்கள், அந்த அம்மா உடனே கிளம்பி வந்துவிடுவார்கள், நான் பஸ்ஸேறிப் போய்ச் சொன்னால் சாயங்காலம் ஆகிவிடும் என்று என் அப்பா சொன்னார். நானும் உடன் இருந்தேன். அதற்குப் பெரியவரின் மகன், எங்க அப்பன் சாவுக்கு ஆள் போவாம டெலிபோனுலயா சொல்லுவாங்க, நீ எதுக்குல இருக்க என்று கேட்டார். அப்பா, இனிமேல் யாருக்கும் கேதம் சொல்லப் போவதில்லை என்று எங்கள் தெருவில் பேசி முடிவெடுத்திருக்கிறோம் என்றார். அன்று முழுவதும் பேசினார்கள். மறுநாள் பிணம் தாங்காது என்று எரித்துவிட்டார்கள்.' மில் போன் அன்றைக்கு வேலை செய்யவில்லை என்றுதானே அண்ணன் சொன்னான். சொன்னானா? சொன்னான். பதினாறாம் நாள் விசேஷத்தன்று பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டே அவள் கேட்டாள், 'ஏண்ணே, மில்லுலருந்து ஒரு போனு போட்டிருக்கக் கூடாதா?' அவன் இலையைப் பார்த்தபடி, 'அன்னைக்குன்னு பாத்து அது செத்துக் கெடந்துட்டு' என்றான். புதன்கிழமை சாயங்காலம் மட்டும் அது எப்படி உயிர்த்தெழுந்தது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு அப்போதே தெரிந்திருக்குமோ? தெரியாது. தெரியாதென்றுதான் வைத்துக்கொண்டிருந்தாள். செவ்வாய் காலை பத்து மணிக்கு ஒரு போன் வந்திருந்தால் மத்தியானம் மூன்று மணிக்கு அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருப்பாள். அப்பா ஒரு பகலும் ராத்திரியும் இன்னொரு அரைப் பகலும் காத்துக் கிடந்திருக்கிறார், வீம்பு பிடித்த இரண்டு பேருக்கு நடுவில். இரண்டு பேரா? ஒருத்தன் போன் போடு என்றுதானே சொன்னான்.

சொரிமுத்து. ஐந்து வருஷத்துக்கு முன் அம்மா போனபோது அவன்தான் வந்தான். மதுரையில் அவள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே, வெயிலில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். பெல்லை அடிக்கத் தயங்கி, கேட்டின் கொண்டியை ஆட்டி ஆட்டிச் சத்தம் கொடுத்திருக்கிறான், அவள் மாடு உரசுகிறதென்று நினைத்தாள். 'அம்மா, பெரியம்மா காலம்பற தவறிட்டாவ' என்றான். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் அவள் எழுந்திருக்கிறவரை அப்படியே நின்றான். பிறகு, 'குடிக்கக் கொஞ்சம் தண்ணி' என்றான். அவள் போய்ச் செம்பில் கொண்டுவந்தாள். செம்பை அவன் கையில் கொடுத்தாளா? கொடுக்கவில்லை. அவன் கேட்காமலே குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினான், அவள் உயர இருந்து ஊற்றினாள். அவளாக யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. அந்த வீட்டில் அண்ணன் இல்லை, அப்பா இல்லை, பூவணிக்குளமே இல்லை, கல்லூரியில் முதல் வகுப்பில் தேறிய ஒரு சரித்திர டீச்சர் மட்டும்தான் இருந்தாள். முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுகிச் சட்டையை நனைத்தது, அவன் அதைத் துடைத்துக்கொண்டு, 'வாரேன், இன்னும் ராமநாதபுரத்து வீட்டுக்குச் சொல்லணும்' என்று போனான். மறுநாள் முதல் பீரியடில் அடிமை வியாபாரக் கப்பல்களைப் பற்றி நடத்த வேண்டியிருந்தது, லீவு போட்டதால் வேறு யாரோ நடத்தினார்கள். போன மாதம் அவன் செய்தித்தாளில் சொரிமுத்து (48) என்று வந்தான். பூவணிக்குளத்தில் மோதல், நாற்பது வீடுகள் எரிந்தன, இருவர் பலி, அடையாளம் தெரியாத கும்பல். இன்னொருவர் எழுபது வயதுக் கிழவி, புகையில் மூச்சுத் திணறி. மோதல் என்றால் இரண்டு பக்கமும் மோத வேண்டும். மேலத்தெருவில் ஒரு ஓடுகூட உடையவில்லை.

பிள்ளை அதற்குள் பாடத்தையும் விட்டுவிடவில்லை, பாவம், பொறுப்பாக ஒன்றோடொன்று கட்டிப்போட்டிருந்தது. '1820இல் நடந்த சமரசம் போல எங்கள் ஊரிலும் தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் நடந்தது. கேதம் சொல்ல வற்புறுத்தக் கூடாது, ஆனால் குழி வெட்டுவதும் கொட்டு அடிப்பதும் பழைய வழக்கப்படி நடக்கும் என்று கையெழுத்து வாங்கினார்கள். பாதி அடிமைத்தனம் கோட்டுக்கு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டம் போல, திருப்பூருக்கு வேலைக்குப் போன என் சித்தப்பாவை வந்து கொட்டு அடிக்கச் சொன்னார்கள். அவர் வரும்வரை எங்களுக்குக் கடையில் சாமான் கிடையாது, குழாயில் தண்ணீர் கிடையாது. தென் மாநிலங்கள் பிரிந்து சென்றபோது அடிமைமுறைக்காகப் போகிறோம் என்றும் சொன்னார்கள், மானத்துக்காகவும் பாரம்பரியத்துக்காகவும் போகிறோம் என்றும் சொன்னார்கள். எங்கள் ஊரில், தகப்பன் முகத்தைப் பார்க்காமல் ஒரு பெண் அழுத கண்ணீருக்காக என்று சொல்கிறார்கள்.' ஆவுடையம்மாள் விரல் விட்டு எண்ணினாள். ஆறாவது பாயிண்ட், ஏழாவது பாயிண்ட், எட்டாவது பாயிண்ட். விடைக்குறிப்பில் எட்டாவதாக இருப்பது, 1861 ஏப்ரலில் தென்னவர்கள் ஒரு கோட்டையைச் சுட்டார்கள், போர் தொடங்கியது. முதல் குண்டை யார் சுட்டது என்று பிள்ளைகள் கேட்பார்கள், பெயர் வேண்டும் அவர்களுக்கு, அதெல்லாம் முக்கியமில்லை, வருஷத்தை மனப்பாடம் பண்ணுங்கள் என்பாள். யாரும்மா சுட்டது? வியாழக்கிழமை விடிகாலையில், மேலத்தெரு முற்றத்தில், மார்பில் அடித்துக்கொண்டு ஒருத்தி. அண்ணன் அந்த அழுகையைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனான் என்று அவளுக்குத் தெரியும். மதினி போனில் பெருமையாகச் சொன்னாள், 'ஒங்களுக்காவத்தான் சுத்துப்பட்டி அம்புட்டும் ஒண்ணு சேந்துருக்கு' என்று. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருக்குமா? நின்றிருக்காது. நின்றிருக்காது என்பதற்காகச் சொல்லாமல் இருந்தாளா, இல்லை, சொல்லத் தோன்றவே இல்லையா? இதற்கு விடைக்குறிப்பு இல்லை.

அதற்கும் கீழே இன்னும் இருந்தது. 'இன்று காலை தேர்வுக்கு வரும்போது பெரியவரின் மகன் குற்றாலமும் வெளியூர் ஆட்கள் பத்துப் பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். பரிச்சை எழுதிட்டுச் சாயங்காலம் வந்து பாரு, ஊரு இருக்குதான்னு, என்று என்னிடம் சொன்னார். அவர்களிடம் மண்ணெண்ணெய் டின்கள் இருந்தன. இதை நான் ஹாலில் இருந்த சாரிடம் சொன்னேன். முதலில் பரீட்சையை எழுது என்றார்.' சரித்திரப் பரீட்சை நடந்த அன்றைக்குச் சாயங்காலம்தான் தீ. மறுநாள் காலை குற்றாலம் அண்ணன் மதுரையில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். குளித்தான். வேட்டியை அவனே துவைத்துப் போட்டான், பிறந்ததிலிருந்து ஒரு கைக்குட்டையைத் துவைத்தறியாதவன். ஐந்து இட்லி சாப்பிட்டான். நாலு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்து மரியாதையாக உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, 'சம்பவத்தன்னிக்கு ஒங்க அண்ணன் இங்க இருந்தாரா, டீச்சர்?' என்று கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது, ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அவள் வாயைத் திறந்தே சொன்னாள், 'முந்தின நாளே வந்துட்டாங்க, ஒடம்பு சரியில்லன்னு.' அவர் எழுதிக்கொண்டார். அண்ணன் உள்ளறையில் விசிறிக்குக் கீழே படுத்திருந்தான். இருபத்திரண்டு வருஷமாக உண்மையான வருஷங்களையே சொல்லிப் பழகிய வாய், ஒரே ஒரு நாளை மாற்றிச் சொன்னது.

இப்போது என்ன செய்ய? தாளைத் தனுஷ்கோடி சாரிடம் கொடுத்தால் சட்டப்படி சரி. தாள் ஒரு கவரில் அரக்கு முத்திரையோடு மேலே போகும், யாராவது படிப்பார்கள், படித்தால் பஸ் ஸ்டாப் வரும், டின் வரும், அண்ணன் வருவான், அவள் சொன்ன முந்தின நாளும் வரும். யாரும் படிக்காமலும் போகலாம். ஆனால் பிள்ளையை மட்டும் விடமாட்டார்கள், விசாரணைக்கு நிறுத்துவார்கள், அதன் வருஷம் நிச்சயமாகப் போகும். அப்பன் போய், வீடு போய், இருக்கிறதென்று ஒன்று இந்தப் பரீட்சை. கொடுக்காமல் மார்க் மட்டும் போட்டுக் கட்டில் வைத்தால், சார் புரட்டுவார், பத்துக்கு ஒரு தாளை எடுத்துப் பார்ப்பது அவர் வேலை, இது பக்கம் பக்கமாக நீண்டிருக்கிறது, கண்ணில் படாமல் இருக்காது. மூன்றாவது வழி ஒன்று இருந்தது. சம்பந்தமில்லாமல் எழுதியதைத் தேர்வாளர் அடித்துவிடலாம், அதற்கு உரிமை உண்டு, தினமும் செய்வதுதான். எழுத்துத் தெரியாத மாதிரி அழுத்தி அடித்தால் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, ஒழுங்கீனமும் இல்லை. பிள்ளை பிழைத்துவிடும். அவள் பேனாவைத் திறந்தாள். பூவணிக்குளம், அடித்தாள். சொரிமுத்து, அடித்தாள். ஒரு தடவை போதாது, மேலும் கீழுமாக மூன்று தடவை, மை தாளின் மறுபக்கம் ஊறியது. மதுரையில் டீச்சராக இருக்கும் மகள். ரைஸ் மில். அழுத கண்ணீர். பஸ் ஸ்டாப் வந்ததும் கை நின்றது. இந்த வரியில் பிள்ளையின் ஊரோ பெயரோ இல்லை, குற்றாலம் என்று ஒரு பெயர்தான் இருக்கிறது. குற்றாலம் என்ற பெயரால் பிள்ளையை அடையாளம் கண்டுபிடிக்க முடியுமா? முடியும், யாராவது விசாரித்தால் முடியும். விசாரிக்கிறவர்கள் யாராவது இருந்தால், இது அடிக்கப்படக் கூடாத வரி. பிள்ளைக்காகத்தான் அடிக்கிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டாள். பிள்ளைக்காகத்தானே? மற்ற வரிகளைவிட இந்த வரியின்மேல் பேனா அதிக நேரம் ஓடியது. டின் என்ற சொல் மறைகிறவரை ஓடியது.

ஐந்து டிக் இருந்தன. பத்துக்கு ஐந்து என்று வட்டம் போட்டாள். கட்டில் வைக்கப் போகும்போது தனுஷ்கோடி சாரே கையை நீட்டினார். 'குடுங்க டீச்சர், இது பத்தாவதா?'

'ஏழாவது சார்.'

'ஏழாவதா, இன்னும்?' என்று அவர் வாங்கிப் புரட்டினார். சிவப்புக் கட்டங்களைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். 'என்ன இப்பிடி மெழுகி வச்சிருக்கீங்க? பிள்ள ரத்தம் கக்குன மாதிரி இருக்கு.'

'கேள்விக்குச் சம்பந்தமில்லாம எழுதியிருக்கு சார்.'

'பாயிண்ட் எத்தனை தேறுது?'

'அஞ்சு.'

'அஞ்சு போட்டாச்சா, சரி' என்று பச்சைப் பேனாவை எடுத்தவர், கையெழுத்துப் போடுமுன் கடைசிக் கூடுதல் தாளைத் திருப்பிப் பார்த்தார். நூலில் கட்டியிருந்த அந்தத் தாளின் முதுகுப் பக்கத்தை அவள் திருப்பவே இல்லை. அங்கே மூன்று வரி இருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேஜையில் இருந்தவர்களுக்கு வேடிக்கை காட்டுகிற குரலில் படித்தார். 'இதக் கேளுங்க. "ஆளாகப் போக மாட்டேன் என்று சொன்னாலும், பெற்ற தகப்பன் முகத்தை அந்த அம்மா பார்க்காமல் போகக் கூடாது என்று அப்பா அன்றைக்கே மதுரை விலாசம் சொல்லி என்னைக் கார்டு எழுதிப் போடச் சொன்னார். அது அவர்களுக்குக் கிடைத்ததா என்று தெரியவில்லை." பாத்தீங்களா, அமெரிக்காவுல ஆரம்பிச்சு மதுரைக்குக் கார்டு போட்டுருச்சு.' ஜெபக்கனி சிரித்தாள். 'இதையும் அடிச்சு விட்டுருங்க டீச்சர், மதுரை கிதுரைன்னு இருக்கு, நமக்கு எதுக்கு வம்பு' என்று அவர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

பதினாறு முடிந்து மதுரைக்குத் திரும்பிய அன்று வாசல் பெட்டியில் கிடந்தது. மூலையில் கரி தடவிய ஒரு தபால் கார்டு. 'தங்கள் தந்தையார் இன்று காலை காலமாகிவிட்டார். உடனே புறப்பட்டு வரவும். ஐயா முகம் வாடாமல் இருக்கிறது.' கையெழுத்து இல்லை, பெயர் இல்லை. அனுப்பிய செவ்வாய் முத்திரை, வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்த முத்திரை. அண்ணன் சொல்லிப் போஸ்ட் மாஸ்டர் எழுதியிருப்பார் என்று நினைத்தாள். இழவுக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, படித்த இடத்திலேயே கிழித்துப் போட வேண்டும். வாசலில் நின்றபடியே நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கிழிக்கிறபோது ஒரு துண்டில் வாடாமல் என்றும் இன்னொரு துண்டில் இருக்கிறது என்றும் போனது. புறப்பட்டு, வாடாமல் எல்லாம் சாதாரண எழுத்துத்தான். அந்தப் பக்கம், விலாசத்தில், கீழத் தெரு, கிழக்கு வாசல் என்று இரண்டு இடத்தில் ழ இருந்தது. வால் இடப்பக்கமாகச் சுருண்டு, கீழ்வரியின் தலையில் இடிக்கிற ழ.

அவள் பேனாவைத் திறந்தாள். மூன்றாவது வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், 'கிடைத்தது' என்று சிவப்பு மையில் எழுதினாள். அதற்குமேல் ஒன்றும் எழுத வரவில்லை. இந்தத் தாளை இனி அந்தப் பிள்ளை பார்க்காது. சில மாதம் அறையில் கிடக்கும், பிறகு லாரியில் ஏற்றிக் கூழாக அரைக்க அனுப்பிவிடுவார்கள்.

'அடிச்சாச்சா டீச்சர்?' என்றார் தனுஷ்கோடி சார், பச்சைப் பேனாவைத் தட்டிக்கொண்டு.

'இதோ சார்' என்றாள். மூன்று வரியையும் அடித்தாள், தான் எழுதிய ஒரு வார்த்தையையும் சேர்த்து அடித்தாள், மேலும் கீழுமாக மூன்று தடவை. அவர் கையெழுத்துப் போட்டார். அவள் எட்டாவது தாளை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினாள். நாற்பத்தொன்றாவது கேள்விதான். தென் மாநிலங்கள் பருத்தியை நம்பியிருந்தன என்று இருந்தது, டிக் போட்டாள்.